சாவி அவரிடம், சாமானைக் காணோம்: பேச்சா, நோட்டீஸா, போலீஸா?

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை. கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கொத்தமங்கலம் என்று எந்த ஊரிலும், முன்தெருவில் முகப்பும் பின்தெருவில் கொல்லை வாசலுமாக நீளும் வீடுகளில் பல, படைப்புக்கோ (முன்னோருக்குச் செய்யும் குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கோ திறந்தால் உண்டு. உரிமையாளர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். சாவி உள்ளூரில் ஒருவரிடம் இருக்கும். இளையவர்கள் அவரை மேனேஜர் என்பார்கள். வயதானவர்கள் இன்றும் கணக்குப்பிள்ளை என்றுதான் சொல்கிறார்கள். கூட்டிப் பெருக்க ஆள் வைப்பது, மின்கட்டணம் கட்டுவது, ஓடு மாற்றுவது, சினிமா ஷூட்டிங்குக்கு வீட்டை விடுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் வந்து அறையைத் திறந்தால் சாமான் குறைந்திருக்கும்.

தேவகோட்டையில் வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதனால் இப்படிப்பட்ட தகராறுகள் என் காதுக்கு வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: போலீஸில் கொடுப்பதா, நோட்டீஸ் விடுவதா, பெரியவர்களை வைத்துப் பேசுவதா? காணாமல் போனதையெல்லாம் ஒரே பட்டியலாக எழுதிக்கொண்டு, அந்தப் பட்டியலுக்கு ஒரே வழியைத் தேடுவதால் வரும் கேள்வி இது. பட்டியலைப் பொருள் பொருளாகப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் வேறு வாசலுக்குப் போக வேண்டியிருக்கும்.

எங்கள் உறவில் ஓர் ஆச்சியின் விவகாரத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் இருக்கிறார், வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில். படைப்புக்கு வந்தவர் மேல்மாடி அறையைத் திறந்தபோது தேக்குப் பெட்டகம், இரண்டு மங்கு (பீங்கான்) ஜாடிகள், வெண்கலச் சாமான்கள், கண்ணாடிச் சட்டமிட்ட ரவிவர்மா படங்கள் ஆகியவற்றைக் காணவில்லை. கேட்டதற்கு மேனேஜர் பதற்றமே இல்லாமல் பதில் சொன்னார்: "பெட்டகத்தை உங்கள் பங்காளி வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், ஆச்சி. ஜாடி இரண்டும் ஷூட்டிங்கில் உடைந்துவிட்டன. வெண்கலம் என்னிடம்தான் இருக்கிறது. எட்டு மாதச் சம்பளம் பாக்கி, அது வரட்டும். படங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது."

ஆச்சிக்கு வந்த கோபத்தில் இந்த நான்கு வாக்கியங்களும் ஒரே பொய்யாகத்தான் கேட்டன. என் காதில் அவை நான்கு தனித்தனித் தகராறுகளாக விழுந்தன.

பெட்டகம்: எதிராளி மேனேஜரா, பங்காளியா?

நடு முற்றமான வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், ஓர் அறை. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. பூர்வீக வீடு என்றால் இதுதான் அமைப்பு. பொது இடத்தில் இருந்த பொருளைப் பங்காளி எடுத்துப்போனார் என்று மேனேஜர் சொன்னால், அதைச் சரிபார்க்காமல் காவல் நிலையம் போவதில் பயனில்லை. பங்காளி வந்து "ஆமாம், என் பங்கு" என்று ஒரு வரி சொன்னால் புகார் அங்கேயே படுத்துவிடும். அதன் பிறகு அதே நிலையத்தில் வேறு பொருளுக்குப் புகார் கொடுத்தாலும் "உங்கள் குடும்பச் சண்டை" என்ற பெயர்தான் நிற்கும்.

எனவே பெட்டகத்துக்குக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது யாருடையது என்பது. இந்த விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. நகரத்தார் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுத்த சாமானைப் பட்டியல் எழுதி வைப்பது வழக்கம். பழைய பாத்திரங்களில் வீட்டு விலாசத்தின் முதலெழுத்துகளை வெட்டியிருப்பார்கள். அந்தச் சீர்ப்பட்டியலும் விலாசம் வெட்டிய பாத்திரத்தின் புகைப்படமும் இருந்தால் உரிமை பற்றிய வாதத்தில் பாதி முடிந்துவிடும். பெட்டகம் அம்மா வழிச் சீராக வந்ததா, ஐயா காலத்துப் பொதுச் சொத்தா என்று அந்தக் காகிதம் சொல்லிவிடும். பட்டியல் இல்லாதவர்கள் பழைய கல்யாண ஆல்பங்களைப் புரட்டுங்கள். பின்னணியில் பெட்டகமோ படமோ தெரியும் ஒரு படம் போதும்.

பங்காளியிடம் இருக்கும் பொருளுக்குப் பேச்சைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வழக்குப் போட்டால் அது பெட்டக வழக்காக நிற்காது; வீட்டுப் பாகப்பிரிவினை வழக்காக வளரும். ஒரு பெட்டகத்துக்காக அந்தக் கிணற்றில் இறங்க வேண்டாம். ஆனால் மேனேஜர் ஒருவருடைய வாய்ச்சொல்லைக் கேட்டு இன்னொருவருக்குச் சொல்லாமல் பொருளைக் கொடுத்தது தவறுதான். அந்தத் தவறுக்கு அவரை வேலையை விட்டு அனுப்பலாம். ஜெயிலுக்கு அனுப்ப முடியாது.

ஜாடிகள்: உடைந்ததற்கு யார் பொறுப்பு?

மங்கு ஜாடி உடைந்தது உண்மையாகவே இருக்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளைப் பாதுகாப்பில் வைத்திருப்பவர், தன் சொந்தப் பொருளுக்குச் சாதாரண விவேகமுள்ள ஒருவர் காட்டும் அளவு கவனத்தைக் காட்டினால் போதும். அதையும் மீறி உடைந்தால் அவர் பொறுப்பில்லை. மேனேஜர்கள் இந்தப் பாதியை மட்டும் எப்படியோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். மறுபாதி 154ஆவது பிரிவில் இருக்கிறது: ஒப்புக்கொண்ட நிபந்தனைக்கு மாறாகப் பொருளைப் பயன்படுத்தி அதனால் சேதம் வந்தால் நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும். பூட்டிய மேல்மாடி அறையிலிருந்து ஜாடியை எடுத்துக் கூடத்தில் ஷூட்டிங்குக்கு அடுக்க ஆச்சி அனுமதி கொடுத்திருந்தாரா? கொடுக்கவில்லை. அந்த நிலையில் கவனமாகத்தான் வைத்திருந்தேன் என்பது பதிலாகாது.

ஷூட்டிங் என்றதும் ஆச்சி கேட்க வேண்டிய வேறொரு கேள்வி எனக்கு ஜாடியைவிடப் பெரியதாகப் பட்டது: அந்த ஷூட்டிங் வாடகை எங்கே? உரிமையாளருக்குத் தெரியாமல் அவருடைய காரியத்தைத் தன் கணக்கில் நடத்திக்கொண்ட முகவரிடமிருந்து அந்த ஆதாயத்தைக் கேட்டுப் பெறலாம் என்று அதே சட்டத்தின் 216ஆவது பிரிவு சொல்கிறது. கேட்டபோதெல்லாம் கணக்குக் காட்டுவது முகவரின் கடமை என்கிறது 213. ஆகவே ஜாடியும் வாடகையும் சேர்ந்து கணக்கு விவகாரம் ஆகின்றன. கணக்கு விவகாரத்துக்கு ஏற்ற கருவி வழக்கறிஞர் நோட்டீஸ்.

ஒரு பெருமூச்சு விடாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. நம் முன்னோர்கள் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் ஏஜெண்டை அனுப்பினால் மூன்று ஆண்டுக் கெடுவோடு சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதி அனுப்பினார்கள். கடல் தாண்டி ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) வந்துகொண்டிருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பர்மாத் தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடியும் இருக்கும் வீட்டின் சாவியை ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லாமல் கொடுத்துவிடுகிறார்கள்.

நோட்டீஸ் பற்றி இன்னும் சில சொற்கள். அதில் "திருடினாய்" என்று எழுதக் கூடாது. மூன்று விஷயங்களைக் கேட்டால் போதும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கணக்கு, எந்தெந்தப் பொருள் இப்போது எங்கே, சாவிகளை எப்போது ஒப்படைப்பது. முகவரிடமிருந்து பொருளுக்கோ கணக்குக்கோ வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது. கணக்குக் கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்து அந்த மூன்று ஆண்டு ஓடத் தொடங்கும். கேட்காமலே விட்டிருந்தால் முகமை முடிந்த நாளிலிருந்து. எனவே எப்போது கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதற்கு அத்தாட்சி வேண்டும். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் சேவையைக் கேட்டு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டதும் சான்றுதான். ஆனால் நீதிமன்றத்தில் அதைக் காட்டும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதுவரை அந்தக் கைபேசியை மாற்றாமல் வைத்திருப்பது நல்லது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் படத்தைப் போட்டுத் திருடன் என்று எழுதுகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவதூறு வழக்குக்கு நாமே எழுதிக் கொடுக்கும் ஆவணம் அது. தயவுசெய்து அந்த மாமாவின் கைபேசியை வாங்கி வையுங்கள்.

வெண்கலம்: பிடித்து வைக்கலாம், விற்க முடியாது

வெண்கலம் பற்றி மேனேஜர் சொன்ன பதில்தான் நான்கிலும் நேர்மையானது. ஆச்சியின் கோபம் அதன்மேல்தான் அதிகம். சம்பளம் தராத முதலாளியின் பொருளை முகவர் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டமே ஓரளவு இடம் தருகிறது: ஒப்பந்தச் சட்டத்தின் 221ஆவது பிரிவு. அந்தப் பொருள் சம்பந்தமாகத் தனக்கு வர வேண்டிய கூலியும் செலவும் வரும்வரை வைத்திருக்கலாம். விற்கும் உரிமை அதில் இல்லை. மாதச் சம்பளக்காரர் முகவரா, வேலையாளா என்று இங்கே ஒரு வாதம் கிளம்பும். அதை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுவோம்.

இதற்கு மலிவான தீர்வு பாக்கியைக் கட்டிவிடுவது. ரொக்கமாக வேண்டாம், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை சம்பளம் என்று குறிப்பிட்டு வங்கி வழியாக அனுப்ப வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த மறுநாள் வெண்கலம் வரவில்லையென்றால் அவருடைய வாதத்துக்கு இருந்த ஒரே கால் உடைந்துவிடும். அதன் பிறகு வைத்திருப்பது நேர்மையற்ற கையாடல் என்று எவருக்கும் எளிதாகப் புரியவைக்கலாம். "சாமானையும் எடுத்துக்கொண்டு சம்பளமும் கேட்பானா?" என்று பெரியவர்கள் கொதிப்பார்கள். கொதிக்கட்டும். எட்டு மாதச் சம்பளம் வழக்குச் செலவைவிடக் குறைவு.

படங்கள்: போலீஸ் என்றால் இந்த வாரமே

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற பதில் கிடைத்த பொருளுக்குத்தான் போலீஸ். அதுவும் உடனே. 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் அச்சான ரவிவர்மா படங்கள் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் வரிசையாக மாட்டியிருந்தவை; இன்று அவற்றுக்குச் சந்தை இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருப்பது ஊருக்கே தெரியும். பெரும்பாலான சரக்கு, வீட்டை இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் உரிமையாளர்களே விற்றதுதான். கடைக்காரர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கடைக்கு வந்த பொருள் அங்கேயே நிற்காது. கொச்சிக்கும் மும்பைக்கும் போய்விட்டால் தேடுவது கஷ்டம்.

மூன்று மாதம் பேசிப் பார்த்துவிட்டுக் காவல் நிலையம் போகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்தத் தாமதத்துக்கு இரண்டு விலை. பொருள் கைமாறிவிடும். இன்னொன்று, பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டு லலிதா குமாரி தீர்ப்பே, மூன்று மாதத்துக்கு மேல் காரணம் சொல்லாமல் தாமதித்த புகார்களை முதல்நிலை விசாரணைக்கு உரியவையாகக் காட்டுகிறது. பேசிப் பார்த்தோம் என்பது நல்ல காரணம். அதற்கும் காகிதம் வேண்டும்.

எந்தப் பிரிவு என்பது முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம். நம்பிக்கை மோசடி அதன் 316ஆவது பிரிவு. பொதுவான நம்பிக்கை மோசடிக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. எழுத்தரோ வேலையாளோ செய்தால் ஏழு ஆண்டு வரை. இந்த வேறுபாட்டுக்கு நடைமுறையில் பயன் இருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாள் முதல்நிலை விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. ஏழு ஆண்டுப் பிரிவு அந்த வரம்புக்குள் வராது. மேனேஜர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தவர் என்பதைச் சம்பளம் அனுப்பிய வங்கிக் கணக்கோடு புகாரில் எழுதினால், காத்திருப்பு குறைய வாய்ப்புண்டு. பொருள் காணாமல் போனது 2024 ஜூலைக்கு முன் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அதில் பொதுவான நம்பிக்கை மோசடிக்கு மூன்று ஆண்டுதான் தண்டனை என்பதால், நீதிமன்றம் வழக்கை ஏற்க மூன்று ஆண்டுக் காலவரம்பும் உண்டு.

ஏமாற்று, மோசடி, திருட்டு, மிரட்டல் என்று அகப்பட்ட பிரிவையெல்லாம் சேர்த்துப் புகார் எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. ஏமாற்றும் நம்பிக்கை மோசடியும் ஒரே செயலில் ஒன்றாக இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் மறுபடி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முதலிலிருந்தே வஞ்சகம் என்றால் ஏமாற்று. நம்பி ஒப்படைத்த பிறகு கை வைத்தால் நம்பிக்கை மோசடி. சாவி கொடுத்து வைத்திருந்த மேனேஜர் விஷயம் இரண்டாவது வகை. புகார் ஒரு பக்கத்தில் முடியட்டும்: எந்தப் பொருள், யாரிடம் எப்போது ஒப்படைத்தது, கடைசியாக எப்போது பார்த்தது, எப்போது கேட்டது, என்ன பதில், புகைப்படம். பெட்டகத்தையும் ஜாடியையும் இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் "இது சிவில் விவகாரம்" என்று எழுந்து போகச் சொல்ல நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

மனு ஏற்புச் சான்றான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் அதோடு நிற்க வேண்டாம். வழக்குப் பதியவில்லையென்றால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். பொருள் கிடைத்தால் வழக்கு முடியும்வரை அது நீதிமன்ற அறையில் தூசி படிய வேண்டியதில்லை; இடைக்காலப் பொறுப்பில் கேட்டு வாங்கலாம்.

பழம்பொருள் கடையில் படம் கிடைத்து, கடைக்காரர் "பணம் கொடுத்து வாங்கினேன்" என்றால்? விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை விதி. நூறு ஆண்டு கடந்த பொருள் தொல்பொருளாகக் கருதப்பட்டால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்: அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், உரிமம் பெற்றவர் பதிவேடு வைத்திருக்க வேண்டும், தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்தப் பதிவேட்டைப் பார்க்கும்படி புகாரிலேயே கேட்டுவிடலாம்.

போலீஸ் வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். அது பொருளைத் தேடும். கணக்கு வாங்கித் தராது, நஷ்டஈடும் தராது. ஊரில் அவருடைய தம்பியும் மைத்துனனும் இருப்பார்கள். அடுத்த படைப்புக்கு நாம் தனியாக வந்து இறங்க வேண்டிய வீடு அது. இந்தக் கணக்கைப் போடாமல் புகார் கொடுப்பது சென்னையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுலபம்.

பேச்சும் காளியம்மனும்

பெரியவர்களை வைத்துப் பேசுவதை நான் மட்டமாக நினைக்கவில்லை. இரவோடு இரவாகச் சாமான் திண்ணைக்குத் திரும்பி வந்த வீடுகளை எனக்குத் தெரியும். முகத்தை இழக்காமல் திருப்பிக் கொடுக்க அவருக்கும் ஒரு வழி வேண்டுமே. ஆனால் பேச்சுக்கு ஒரு கெடு வையுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் அது பேச்சில்லை, நாள் கடத்தல். முடிவை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

சிவகங்கைப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வழியும் தெரியும்: கொல்லங்குடி வெட்டுடையார் காளியம்மன் கோயிலில் அநியாயம் செய்தவரை அம்மன் தண்டிக்கட்டும் என்று காசு வெட்டிப் போடுவது. கேலியாகச் சொல்லவில்லை. அங்கே போகலாம் வா என்ற பேச்சு எழுந்ததுமே நினைவு திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுமே செய்யாதவர் மனமும் அதே பேச்சில் நொறுங்கும் என்பதால், படத்தை எடுத்தது யார் என்று உறுதியில்லாத ஆச்சிக்கு அந்த யோசனையை நான் சொல்லவில்லை.

கட்டணம் வாங்கும் நிறுவனம் என்றால்

மேனேஜர் தனி ஆளாக இல்லாமல், மாதக் கட்டணம் வாங்கி வீடு பராமரிக்கும் நிறுவனமாக இருந்தால் ஒப்பீடே மாறிவிடும். அப்போது என் முதல் தேர்வு நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்காரர் சிவகங்கைக்கு அலைய வேண்டாம். நிறுவனத்துக்குக் கொடுத்த கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆனால் மாதச் சம்பளத்துக்கு நாமே வைத்த ஆளுக்கு இந்த வழி பொருந்தாது. தனிப்பட்ட பணி ஒப்பந்தத்தைச் சட்டம் 'சேவை' என்ற சொல்லுக்குள் சேர்க்கவில்லை.

வீட்டை வாடகைக்கு விட்டு, வாடகைதாரருக்கும் நமக்கும் நடுவில் சொத்து மேலாளர் இருந்தால், 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் அவருடைய கடமைகளுக்கென்றே பிரிவுகள் இருக்கின்றன. வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். பூட்டிய வீட்டுக்கு அதனால் பயனில்லை.

சிவில் வழக்கா, மக்கள் நீதிமன்றமா?

குறிப்பிட்ட பொருளையே திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 8ஆவது பிரிவு இடம் தருகிறது. முகவராகவோ பொறுப்பாளராகவோ பொருளை வைத்திருப்பவருக்கு அது நேராகப் பொருந்தும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைக்கப்பட்டது. நான்கு லட்சம் மதிப்பென்றால் 12,000 ரூபாய். கட்டணம் பெரிதில்லை, ஆண்டுகள்தான் பெரிது. ஜாடிக்கு என்ன மதிப்பு என்று நிரூபிக்கவே இரண்டு வாய்தா போய்விடும். மேனேஜரிடம் சொத்து இல்லையென்றால் தீர்ப்பை வாங்கி என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

அதனால் ஜாடி, வாடகைக் கணக்கு போன்றவற்றுக்கு நான் பரிந்துரைப்பது வட்ட சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு. கட்டணம் இல்லை. சமரசம் எட்டினால் மக்கள் நீதிமன்றம் எழுதும் உத்தரவு, சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு என்பது பல ஆச்சிமார்களுக்குத் தெரிவதில்லை. இரண்டு தரப்பும் வந்து ஒப்புக்கொண்டால்தான் இது நடக்கும் என்பது பலவீனம். அழைப்பு நீதிமன்ற வளாகத்திலிருந்து வருவதால், வீட்டுத் திண்ணைக்கு வர மறுப்பவர் அங்கே வருவார். வேறு ஊரில் பங்காளிகளை அழைத்து மூன்று கூட்டம் போடுவதைவிட இது கௌரவமானது.

விட்டுவிடுவதும் ஒரு வழிதான். எனாமல் குவளைக்கும் ஓட்டை அண்டாவுக்கும் மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் பொருளை விடுவது வேறு, சாவியை அவரிடமே விடுவது வேறு.

ஆச்சியின் விவகாரம் எப்படிப் போயிற்று என்றால்: சம்பள பாக்கி வங்கியில் போன வாரத்திலேயே வெண்கலம் வந்தது, இரண்டு தவலை குறைய. படங்களுக்கு மட்டும் தனிப் புகார் பதிவாகியிருக்கிறது. ஜாடியும் ஷூட்டிங் வாடகையும் சட்டப் பணிகள் குழுவில் இருக்கின்றன; மேனேஜர் ஒரு தொகையை ஒப்புக்கொண்டிருக்கிறார். பெட்டகம் பங்காளி வீட்டில்தான் இருக்கிறது. அவர்களிடமும் ஒரு சீர்ப்பட்டியல் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

மேனேஜரை நிறுத்தும்போது ஒரு கவனம் தேவை. பின்கட்டில் அவர் குடும்பத்தோடு தங்கியிருந்தால் சாமானைத் தெருவில் தூக்கிப் போடாதீர்கள். அதன் பிறகு புகார்தாரர் அவராகிவிடுவார். காவலாளியோ பராமரிப்பாளரோ எத்தனை ஆண்டு தங்கியிருந்தாலும் வீட்டில் உரிமை பெறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012இல் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. எழுத்தில் பணிநீக்கம், நியாயமான அவகாசம், மறுத்தால் நீதிமன்றம் என்பதே வரிசை. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதற்காக உறவினருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

அடுத்து வருகிறவருக்குச் சம்பளச் சீட்டு எழுதுங்கள். அறைவாரியாகச் சாமான் பட்டியலும் புகைப்படமும் அதில் இணைப்பாக இருக்கட்டும். எந்தப் பொருளும் வாசலைத் தாண்ட இரண்டு பங்காளிகளின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி. ஷூட்டிங் வாடகை அவர் கையைத் தொடாமல் நேராகக் கூட்டு வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும் என்று இன்னொரு வரி. மேல்மாடி அறைச் சாவி அவரிடம் வேண்டாம். கூட்டிப் பெருக்கக் கீழ்க்கட்டுச் சாவி போதும்.